வேலைக்காக வரைந்த மலை

1862ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன், டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரிக்கு மலை மலையாக ஏறி இறங்கும் வேலை ஒன்றைக் கொடுத்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கி உடம்பு தேற ஏற்ற மேட்டுநிலங்கள் தென்னாட்டில் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றைப் படமாக வரைந்து அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஹாமில்டன் பேர்போன வேட்டைக்காரர். ஆனைமலைக் காடுகளில் வனத்துறை வேலை பார்த்தவர். பென்சிலும் பிடிக்கத் தெரிந்தவர். ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன் மலை என்று வரைந்துகொண்டே போனார். கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்கு அப்பால் ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என்ற இடம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்குக் கோடை விழா பார்க்க வருகிறவர்கள் காதில் அந்தப் பெயர் விழுவதில்லை.

அந்த வேலைக்குப் பின்னால் ஒரு அரசியல் இருந்தது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியாவில் வெள்ளைப் படையின் எண்ணிக்கை கூடியது. அந்தப் படையில் சண்டையில் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் செத்தவர்கள் அதிகம். இதை விசாரிக்க 1859இல் லண்டனில் ஓர் அரச ஆணையம் அமைந்தது. 1863இல் அறிக்கை தந்தது. சிப்பாய்களில் ஒரு பகுதியை மலைமேல் வைக்கச் சொன்னது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதையும் சேலம் வழியாக 1862இல் முழுமை பெற்றுவிட்டது. ஆகவே சேர்வராயன் மலை சட்டென்று அரசாங்கத்தின் கண்ணுக்குள் வந்தது. ஹாமில்டன் வரைந்த மலை ரசிப்பதற்கான மலையல்ல. முகடு எங்கே தட்டையாகிறது, எந்தச் சரிவு ஏறத்தக்கது, கூடாரம் போட எங்கே இடமிருக்கிறது என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் காட்டும் சாட்சியம் அது.

சேர்வராயன் மலையின் பழைய நிலக்காட்சிகளைத் தேடிப் போகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். இந்த மலையை வரைந்தவர்களில் பெரும்பாலோர் ‘ஓவியம்’ என்று எண்ணி வரையவில்லை. படைத்துறைக்காக, நிலவியல் அறிக்கைக்காக, தாய்நாட்டுக்கு அனுப்பும் ஆல்பத்துக்காக, நாடகப் படுதாவுக்காக, போட்டோ ஸ்டுடியோவின் பின்சுவருக்காக வரைந்தார்கள். வேலை முடிந்ததும் படத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. வரைந்தவர் பெயரும் அதோடு போயிற்று. கலை வரலாற்றுப் புத்தகங்களில் ஏற்காடு இல்லாததற்குக் காரணம் யாரும் வரையாதது அல்ல. வரைந்தவை கோப்புகளிலும் டிரங்குப் பெட்டிகளிலும் சுருட்டிய துணிகளிலும் கிடந்தன. ஓவியத்தை அங்கே போய் யார் தேடுவார்கள்?

ஊட்டியோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலக்கமாகும். ஊட்டி மாகாணத்தின் கோடைத் தலைநகர். ஆளுநர், அவர் மனைவி, அவர்களைச் சுற்றிய கூட்டம் எல்லாம் ஆண்டில் பாதி நாள் அங்கேதான். 1837இலேயே ரிச்சர்ட் பாரன் நீலகிரிக் காட்சிகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். அச்சுப்படம் வந்ததும் அதை வாங்க ஆள் வந்தது. ஆள் வந்ததும் இன்னும் பலர் வரைந்தார்கள். ஏற்காடு காப்பித் தோட்டக்காரர்களும் பாதிரிமார்களும் ஓய்வுபெற்றவர்களும் வாழ்ந்த அடக்கமான ஊர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் கிரேஞ்ச் தோட்டத்தில் காப்பி வைத்ததிலிருந்து அதன் வெள்ளைக்கார வரலாறு தொடங்குகிறது. இங்கே வரையப்பட்ட படத்துக்குச் சந்தை என்று ஒன்று இருந்ததில்லை. வீட்டுச் சுவர்தான் இருந்தது. அதன் விளைவை இன்றைய சேகரிப்பாளர் இரண்டு விதமாக அனுபவிக்கிறார். ஏற்காட்டுப் படம் அபூர்வம். கிடைத்தாலும் அதன் மேல் ‘நீலகிரி’ என்றுதான் சீட்டு ஒட்டியிருக்கும். விற்பவருக்குத் தென்னாட்டு மலை என்றால் ஊட்டி ஒன்றுதான்.

வெள்ளைக்கார அதிகாரிகள் ஏன் இப்படி எல்லோரும் வரைந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் ஆள் தயாரிக்க 1809இல் லண்டனுக்கு அருகே அடிஸ்கோம்பில் ஒரு ராணுவப் பள்ளியைத் தொடங்கியது. 1861இல் அது மூடப்பட்டது. நிலக்காட்சி வரைதல் அங்கே கட்டாயப் பாடம். தியோடர் ஃபீல்டிங், ஆரன் பென்லி போன்ற நீர்வண்ண ஓவியர்கள் அங்கே ஆசிரியர்களாக இருந்தார்கள். கேமரா கைக்கு வராத காலத்தில் எதிரியின் கோட்டையையும் ஆற்றின் திருப்பத்தையும் பதிந்துகொள்ள வேறு வழி இல்லை. அந்தக் கை ஓய்வு நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களோ வரைவதை வளர்ப்பின் ஒரு பகுதியாகக் கற்று வந்தவர்கள். இப்படி உருவான ஆயிரக்கணக்கான தாள்களில் லண்டன் இந்தியா ஆஃபீஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தவற்றை மில்ட்ரெட் ஆர்ச்சர் வகைப்படுத்தி 1969இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். தொழில்முறை ஓவியரையும் பொழுதுபோக்குக்கு வரைந்தவரையும் ஒரே கவனத்தோடு பதிவுசெய்தது அந்தப் பட்டியலின் பெருமை. பெயர் தெரியாத படத்தையும் ஊர்ப்பெயரால் தேட முடியும் என்று காட்டியது அவர்தான்.

இந்த வட்டாரத்துக்குப் பெரிய பெயர்கள் வரவில்லை என்றும் இல்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி வசமாயின. அதே ஆண்டு தாமஸ் டேனியலும் அவர் உறவுப் பையன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே பயணம் கிளம்பினார்கள். ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜகதேவி என்று இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கோட்டைகள் அவர்களுடைய அச்சுப்படங்களில் இடம்பிடித்தன. போர்க்களத்தை அடுத்து ஓவியன் வருவது அக்காலத்து வழக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை. டேனியல்களின் தொகுப்பில் ‘ஆத்தூர் அருகே’ என்று ஒரு படம் உண்டு. சேலத்துக்காரர் கண்ணில் பட்டால் உடனே மனம் துள்ளும். தலைப்பை முழுக்கப் படித்தால் அது திண்டுக்கல் சீமை ஆத்தூர். ஒரு பாதித் தலைப்பை நம்பிப் பணத்தை எண்ணி வைத்தவர்கள் இருப்பார்கள்.

ஹாமில்டன் மலையை வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில் இன்னொருவர் சுத்தியலோடு அதே சரிவுகளில் அலைந்துகொண்டிருந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவர் என்று பாடப்புத்தகம் சொல்லும் அதே ஃபூட். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் நிலவியல் பற்றி வில்லியம் கிங்கோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கை 1864இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே குடியேறினார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு வந்தது. அவருடைய முதல் மனைவியின் தந்தை பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பாதிரி. அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் கண்மூடினார். தமிழ் உரைநடையின் வரலாறும் கற்கால ஆய்வின் வரலாறும் ஒரு குடும்பத்தின் வழியாக ஒரே மலையில் வந்து முடிந்திருக்கின்றன.

நிலவியலாளருக்கு மலையின் வெளிக்கோடு முகஜாடை மாதிரி. சேர்வராயன் கோவில் இருக்கும் முகடு 5,300 அடிக்கு மேல். உச்சி கூர்மையாக இல்லாமல் பலகை போலத் தட்டையாகக் கிடக்கும். மேலே பாக்சைட் மூடிய மேடு, கீழே சார்னகைட் பாறை. இந்தத் தட்டை உச்சியை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டவர் ‘நீலகிரி’ என்று சீட்டு ஒட்டிய படத்திலும் சேர்வராயனை அடையாளம் காண்பார். சமவெளியிலிருந்து பார்த்த படமென்றால் தெற்கே ஜருகுமலை, தென்மேற்கே கஞ்சமலை, கிழக்கே கல்வராயன் தொடர் ஆகியவற்றின் கோடுகளும் துணைக்கு வரும்.

ஃபூட்டிடமிருந்து பட சேகரிப்பாளர் கற்க வேண்டியது வேறொன்றும் உண்டு. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பிறகு 1916இல் வந்தது. அவற்றின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் என்பது அதன் துணைத்தலைப்பு. அவர் பார்வையில் கல்லின் அழகு இரண்டாம் பட்சம். எந்த ஊர், எந்தக் கரை, எந்தத் தோட்டம் என்பதுதான் முதல். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரிகளை மலைவாசிகள் சிறு கோவில்களில் வைத்துக் கும்பிட்டதையும் அவர் குறித்துவைத்தார். பழைய படம் வாங்குகிறவர்களில் எத்தனை பேர், அது எந்த வீட்டுச் சுவரிலிருந்து இறங்கியது என்று எழுதி வைக்கிறார்கள்? கடைக்காரரிடம் கேட்டால் கொஞ்சம் முறைப்பார். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். பங்களாவின் பெயர் போனால் படத்தின் பாதி போயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் துரைமார் கதை. தமிழர்கள் மலையை வரையவில்லையா?

வரைந்தார்கள், அதற்கு நாம் வைத்த பெயர் ‘சீனரி’. இந்தச் சொல்லில் கொஞ்சம் இளக்காரம் கலந்திருப்பதை யாரும் உணரலாம். சாமி படம் பூஜைக்கு, உருவப்படம் கூடத்துக்கு, சீனரி மிச்சமிருக்கும் சுவருக்கு. பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத் தமிழ் நாடகக் கம்பெனிகளும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வண்ணப் படுதாக்களை ஏற்றுக்கொண்டன. தர்பார் படுதா, தெருப் படுதா, காட்டுப் படுதா என்று கம்பெனிக்கு ஒரு கட்டு. காட்டுப் படுதாவில் மலையும் அருவியும் கட்டாயம். காலண்டர் ஓவியர்களின் குரு என்று கொண்டாடப்படும் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கொண்டுதான் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் விரியும் மலைகளையும் ஏரிகளையும் உற்றுப் பார்த்தால் படுதா எழுதிய கை தெரியும். தமிழ்நாட்டில் மிக அதிகமான வீடுகளுக்குள் நுழைந்த நிலக்காட்சி அதுதான். ஆனால் அதைத் தனியாக யாரும் பார்த்ததில்லை; சாமி மறைத்துக்கொண்டார்.

ஏற்காட்டு அடிவாரத்துக்கே வருவோம். 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் இருந்தது. முதல் வண்ணத் தமிழ்ப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்து வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த அந்த இடத்தில் இப்போது மிச்சம் ஒரு தோரணவாயில்தான். அக்கால ஸ்டுடியோக்களில் அரண்மனை ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை, உண்மையில் துணியில் எழுதிய மலை. நிஜ மலை கூப்பிடு தூரத்தில் இருக்க, உள்ளே துணியில் மலை எழுதிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஒரு பொறாமையும் வருகிறது. தலையைத் திருப்பினால் மாதிரி கிடைத்துவிடுமே! படப்பிடிப்பு முடிந்ததும் அந்தத் துணிக்கு மேலே வெள்ளையடித்து அடுத்த படத்துக்கு வேறு காட்சி எழுதுவார்கள். பெயர்ப்பட்டியலில் கலை இயக்குநர் பெயர் வரும். துணி எழுதியவர் பெயர் வராது.

போட்டோ ஸ்டுடியோப் படுதாவும் இதே ரகம். கைப்பிடிச் சுவர், ஒரு பூந்தொட்டி, அதற்கப்பால் ஏரி, ஏரிக்கப்பால் மலை. கல்யாணமான தம்பதி அதன் முன்னால் விறைத்து நிற்பார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி எண்மப் பதிவு செய்திருக்கிறது. முகங்களுக்காகத் திரட்டப்பட்டவை அவை. நிலக்காட்சி ஆய்வாளருக்கு அவை பெரிய புதையல். படுதாத் துணிகள் மட்கிப்போன பிறகும் அவற்றின் நிழல் அந்தப் படங்களில் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு: டிராயிங் மாஸ்டர்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் தேறி, உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு பீரியடில் மாம்பழமும் சொம்பும் வரையக் கற்றுக்கொடுத்தவர்கள். பொங்கல் வாழ்த்தும் கடைப் பலகையும் கோவில் சுவரும் எழுதியவர்கள். கோடை விடுமுறையில் மலைக்குப் போய் நீர்வண்ணத்தில் தங்களுக்காக நாலு படம் போட்டவர்களும் இவர்களில் உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் 1929இல் டி. பி. ராய் சௌத்ரி தலைமை ஏற்ற பிறகு, வெளியே போய்க் கண்ணெதிரே பார்த்து வரையும் பழக்கம் வலுப்பட்டது. அவருடைய மாணவர் கே. சி. எஸ். பணிக்கர் முதலில் பேர் வாங்கியதே நீர்வண்ண நிலக்காட்சிகளால். பிறகு அவர் வேறு பாதையில் போனார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. சந்தையும் விமர்சகர்களும் அந்தப் பிற்காலத்தையே பிடித்துக்கொண்டார்கள். முந்தைய நிலக்காட்சி ‘பயிற்சிக் காலத்து வேலை’ ஆயிற்று. பெரியவருக்கே இந்தக் கதி என்றால், சேலத்திலும் ஆத்தூரிலும் இருந்த டிராயிங் மாஸ்டரை யார் நினைப்பார்கள்? ஆனால் சேகரிப்பதென்றால் நான் முதலில் தேடுவது அவர்களுடைய படங்களைத்தான். துரையின் ஆல்பத்துக்கு லண்டனில் பட்டியல் இருக்கிறது. மாஸ்டரின் படம் பரணில் கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது அதுவும் போய்விடும்.

இது கைகூடாத ஆசை அல்ல என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் 1950களிலிருந்து கறுப்பின ஓவியர்கள் சிலர் கடற்கரையையும் சதுப்புநிலத்தையும் மளமளவென்று வரைந்து, சாயம் காயும் முன்பே கார் டிக்கியில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் 25 டாலருக்கு விற்றார்கள். கேன்வாஸ் வாங்கக் காசில்லாமல் சுவருக்கு அடிக்கும் அட்டையில் வரைந்தார்கள். நிறபேதம் கோலோச்சிய ஊரில் காட்சிக்கூடங்கள் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. மோட்டல் சுவர்களிலும் பல் டாக்டர் அறைகளிலும் அந்தப் படங்கள் தொங்கின. 1995இல் ஜிம் ஃபிட்ச் என்பவர் அவர்களை ‘ஹைவேமேன்’ என்று ஒரு பெயரால் அழைத்து எழுதினார். 26 பேர் என்று கணக்கெடுத்தார்கள். 2004இல் மாநிலத்தின் கலைஞர் பெருமன்றத்தில் அவர்கள் பெயர் ஏறியது. படங்கள் மாறவில்லை, அவற்றை ஒரு கூட்டமாகப் பார்க்கும் கண் வந்தது. அந்தக் கண் சந்தையையும் கூடவே அழைத்து வந்து விலையை எங்கோ கொண்டுபோய் விட்டது என்பது வேறு விஷயம்.

சரி, ஒரு தாள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்தில்லை, தலைப்பில்லை. முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் பொய் சொல்லும், பின்பக்கம் அவ்வளவாகச் சொல்லாது. பென்சிலில் ‘யெர்காட்’, ‘ஷெவராய்ஸ்’, ‘ஷெர்வராய்’ என்று விதவிதமான எழுத்துக்கூட்டலில் ஊர்ப்பெயர் இருக்கலாம். ஃபிரேம் போட்ட கடையின் சீட்டு இருக்கலாம். ‘மலையாளி’ என்று எழுதியிருந்தால் அவசரப்பட்டுக் கேரளத்துக்குப் போய்விடக் கூடாது. சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன் மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினரின் பெயர் அது. படத்தின் மூலையில் சுமையோடு நடக்கும் இரண்டு சிறிய உருவங்களாக அவர்கள் வருவார்கள். மலையின் சொந்தக்காரர்கள், அளவு காட்டுவதற்காக வைத்த குச்சிகள்போல. அவர்களுக்கு அந்த மலை எதிரே நின்று பார்க்கும் காட்சியே அல்ல, சேர்வராயன் என்ற சாமி. அவர் கோவில் ஒரு குகை. பக்கத்தில் காவேரி அம்மன்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி தெரியலாம். இங்கிலாந்தின் வாட்மன் தாளாக இருந்தால் பெயரோடு ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டுக்கு முன்னால் படம் வரைந்திருக்க முடியாது. பின்னால் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம், ஏனென்றால் நல்ல தாளைக் கஞ்சத்தனமாகச் சேர்த்து வைத்து வரைவது ஓவியர் குணம். உருப்பெருக்கிக் கண்ணாடியும் அவசியம். மஞ்சள், சிவப்பு, நீலப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால் அது அச்சு. ஆளுநர் ஆர்தர் லாலியின் மனைவி வரைந்து, எஃப். இ. பென்னி உரை எழுதி, 1914இல் லண்டனில் வெளிவந்த ‘தென்னிந்தியா’ போன்ற வண்ணப்பட நூல்களின் தாள்களைக் கிழித்து, ஃபிரேம் போட்டு, மூலப்படம் என்று விற்கலாம். புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து படத்துக்குள் போகலாம். லேடிஸ் சீட் பக்கமிருந்து மேற்கே பார்த்த காட்சியில் தொலைவில் அகன்ற நீர்ப்பரப்பு மின்னினால் அது மேட்டூர் நீர்த்தேக்கம். அணை முடிந்தது 1934இல். ஒரே உயரத்தில் வரிசைகட்டி நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. காப்பிக்கு நிழலாக அவை பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு. அந்த வரிசை இருந்தால் ஹாமில்டன் காலத்துப் படம் அல்ல. சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று கீறல்கள் தெரிந்தால் மாக்னசைட் சுரங்கங்கள். ஒரு மரமும் ஒரு குளமும் கையெழுத்தைவிட நம்பகமான சாட்சிகள். கையெழுத்தைப் பின்னால் யாரும் போட்டுவிடலாம்.

நிறத்தை மட்டும் எளிதில் நம்பிவிடக் கூடாது. அக்கால நீர்வண்ணக்காரர்கள் இலைப்பச்சைக்கு அவுரி நீலத்தையும் காம்போஜ் என்ற பிசின் மஞ்சளையும் கலந்தார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் போய்விட்டால் மரமெல்லாம் நீலமாகிவிடும். வேறு கலவைகளில் அவுரியே வெளுத்துச் சாம்பல் நிறத்து மேகம் செம்மையேறிக் கிடக்கும். வெளிச்சம் நீர்வண்ணத்தை என்ன செய்கிறது என்று ரஸ்ஸலும் ஆப்னியும் சோதனை செய்து 1888இல் அறிக்கை தந்தபோது இங்கிலாந்தில் பெரிய சலசலப்பு. ஏற்காட்டுப் படத்தில் மலை நீலமாக இருந்தால் இதனால் ஒரு குழப்பம் எழும். சேர்வராயன் மலை காலையில் சேலத்திலிருந்து பார்க்க உண்மையாகவே நீலம்தான். ஓவியர் கண்ட நீலமா, காலம் தின்ற பச்சையா? மவுண்டுக்கு அடியில் வெளிச்சம் படாமல் ஒளிந்திருக்கும் விளிம்பைத் தூக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே பச்சை பச்சையாகவே இருக்கும்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்யக் கூடாதவைதான் முக்கியம். செல்லோடேப் ஒட்டக் கூடாது. தாளை அட்டையில் பசை போட்டு முழுக்க ஒட்டக் கூடாது. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. அருங்காட்சியகங்களில் நீர்வண்ணத்துக்கு அனுமதிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ். நம் வீட்டு ஜன்னலோரம் அதைப்போலப் பல மடங்கு. மலையில் இரண்டு பருவமழையும் மூடுபனியும் உண்டு. பங்களாச் சுவர் ஈரம் குடிக்கும். தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் கலை பேதம் கிடையாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானவர் நம் ஊர் ஃபிரேம் கடைக்காரர். நல்ல மனதோடு பழைய பின்னட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது அட்டை வைத்துத் தருவார். எழுதியிருந்த ஊர்ப்பெயரும் அதோடு போய்விடும்.

சட்டத்திலும் ஒரு கண் இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியம் தொல்பொருள். அதை வைத்திருப்பவர் பதிவுசெய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும், நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோக முடியாது. காலம் நகர நகர 1920களில் வரைந்த படங்களும் ஆண்டுக்கு ஆண்டு இந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வருகின்றன. படத்தை வாங்கியவருக்கு அதை அச்சிடும் உரிமை தானாக வந்துவிடாது. ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை அவர் வாரிசுகளுடையது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு உண்டு என்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பங்கைக் கேட்டு வாங்கிய டிராயிங் மாஸ்டர் குடும்பம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு படத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள இன்னொரு வழி இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் மார்க் கிளெட்டும் கூட்டாளிகளும் நூறாண்டுக்கு முந்தைய நில அளவைப் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு போய், அதே இடத்தில், அதே கோணத்தில் கேமராவை நிறுத்தி மறுபடி படமெடுத்தார்கள். ஓவியத்துக்கும் அது செல்லும். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பகோடா பாயிண்டுக்கோ கரடியூருக்கோ போக வேண்டும். பாறை விளிம்பும் தூரத்து மலையும் படத்தில் இருக்கிற மாதிரியே ஒன்றோடொன்று பொருந்தும்வரை நாலடி முன்னே, பத்தடி பக்கவாட்டில் நகர வேண்டும். சுற்றுலாக்காரர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பொருந்திவிட்டால் வரைந்தவர் உட்கார்ந்த கல் அதுதான்.

சில இடங்களில் பொருந்தாது. 1960களிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டியெடுத்தார்கள். வெட்டிய உச்சிகளில் பழைய கோடு இப்போது இல்லை. தாளில் மட்டும் இருக்கிறது.